தமிழ்வாணன் படித்தது பன்னிரண்டாவது வரை

ஒரகடம் பக்கம் வேலை தேடுகிறவனுக்கு ஒரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். படித்ததை மறைக்கிற வித்தை. மற்ற ஊர்களில் படிக்காதவன் படித்ததாகச் சொல்லி, போலிச் சான்றிதழ் தயார் செய்து மாட்டிக்கொள்வான். பேப்பரில் படம் வரும். இங்கே எல்லாம் தலைகீழ். நாலு வருடம் கண்விழித்து பி.இ. முடித்தவன், அந்தச் சான்றிதழைப் பீரோவின் அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே தள்ளிவிட்டு, பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நிற்பான். உற்பத்தி லைனில் நிற்க ஆள் தேடுகிற கம்பெனிக்கு பி.இ. ஆகாது. கேள்வி கேட்பான், ஆறு மாதத்தில் ஓடிவிடுவான், சங்கம் வைப்பான் என்று ஒரு பயம். சரி, இன்ஜினீயராகவே எடுத்துக்கொள்ளுங்களேன் என்றால், அதற்கு வேறு ஊரில், வேறு கல்லூரியில், வேறு பிள்ளைகளை முன்பே எடுத்து வைத்திருப்பார்கள்.

இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவன் சேரப்பணஞ்சேரி கன்னியப்பன் மகன் தமிழ்வாணன். எட்டு வருடம் பிசகாமல் அதைச் செய்தான். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டான் என்று எழுதினால் அது பொய். மறக்கவில்லை, வாய் வரவில்லை. அந்த ஒரு ஆள் அவன் அப்பா.

கன்னியப்பன் மூன்றாவதோடு பள்ளியை விட்டவர். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் மகனைச் சேர்த்தபோது அதற்குப் பேர் இருக்கிறதா, ஊர் இருக்கிறதா என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. கட்டடம் பெரிதாக இருந்தது, பஸ் வீட்டு வாசலுக்கு வந்தது, போதும் என்று நினைத்தார். தமிழ்வாணனும் சும்மா இல்லை. மெக்கானிக்கல் பிரிவில் எட்டு செமஸ்டரிலும் அவன்தான் முதல். கடைசியில் பல்கலைக்கழகத் தரவரிசையில் முப்பத்தொன்றாவது இடம் என்று ஒரு சான்றிதழ் வந்தது. எத்தனை ஆயிரம் பேரில் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றே கன்னியப்பன் அதைப் படப்பைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, வல்லக்கோட்டை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மகன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். காலையில் சாமி படத்தைத் துடைக்கும்போது அந்த வரியையும் துண்டால் ஒரு தடவை துடைப்பார்.

கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று கால் சென்டர், இன்னொன்று இன்ஷூரன்ஸ். வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் கார் செய்கிறார்கள், பஸ் செய்கிறார்கள், பிரேக் செய்கிறார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தானே போய்க் கேட்கலாம் என்று சான்றிதழ்களோடு ஒரு கம்பெனிக்குப் போனான். உள்ளே ஒரு சின்ன வயது அதிகாரி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்தக் காலேஜ் என்று கேட்டார். சொன்னான். அவர் மேசை மேல் இருந்த ஒரு தாளில் பேனாவால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். கீழ்க்கோடி வந்ததும் நிறுத்தினார்.

“லிஸ்ட்ல இல்லையேங்க.”

ரேங்க் சான்றிதழ் இருந்த உறையை அவர் திறக்கக்கூட இல்லை. மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தார். இப்படி ஆறேழு மரியாதைகள் ஆயின. இரண்டு வருடம் போனது.

வித்தையைக் கற்றுக்கொடுத்தவன் பேச்சிராஜ். கூடப் படித்தவன், கோவில்பட்டிக்காரன், ஒரகடத்தில் ஐந்து பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு ஏற்கெனவே ஒரு லைனில் நின்றுகொண்டிருந்தான். “இஞ்சினீயருன்னு சொன்னா வாசல்லயே நிறுத்திருவாம்லே. பிளஸ் டூன்னு எழுது. நடுவுல ஆறு வருசம் என்ன செஞ்சேன்னு கேப்பான், வெவசாயம்னு சொல்லு. ஊர்க்காரப் பய, ஒன்னைய நம்புவான்” என்றான். நம்பினார்கள். ‘எனது கல்வித் தகுதி பன்னிரண்டாம் வகுப்பு மட்டுமே, வேறெதையும் மறைக்கவில்லை’ என்று அச்சடித்த தாளில் தமிழ்வாணன் கையெழுத்துப் போட்டான். வல்லம் வடகாலில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பிரேக் தட்டு கடையும் கம்பெனி அது. முன்பு தண்ணீர் கொடுத்து அனுப்பியதே, அதே கம்பெனிதான். வாசல் மட்டும் வேறு.

இந்த மாதிரி சேர்ந்தவர்களுக்கு வீட்டிலும் ஒரு வேலை உண்டு. நிரந்தரம் செய்வதற்கு முன்னால் கம்பெனி ஆள் அனுப்பி வீட்டிலும் தெருவிலும் விசாரிக்கும். அதனால் பி.இ. படித்தவன் வீட்டுத் தெருவே ஒரு பாடம் ஒப்பிக்கக் கற்றிருக்கும். தமிழ்வாணன் மளிகைக்கடையில் சொல்லி வைத்தான், எதிர்வீட்டில் சொல்லி வைத்தான், கல்யாணம் ஆன ஒரே மாதத்தில் மனைவி சசிரேகாவிடமும் சொன்னான். அம்மா சுந்தராம்பாளிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி, உங்க நைனா காதுல போடாத என்றாள். அப்பாவிடம் மட்டும் இன்ஜினீயர் வேலை என்றுதான் சொல்லியிருந்தான். அந்தப் பொய்க்குக் கம்பெனியே உடந்தையாக இருந்தது. அங்கே பெரிய அதிகாரி முதல் லைன் ஆள் வரை எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. தொப்பியில் இருக்கிற கோடுதான் யார் யார் என்று சொல்லும். மஞ்சள் கோடு போட்ட தன் தொப்பியை அவன் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சுவரில் இருந்த சட்டத்தையும் வெள்ளையடிக்கிற சாக்கில் இறக்கி, வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் என்று சொல்லிப் பீரோவில் வைத்தான். அப்புறம் காலையில் கன்னியப்பன் சாமி படத்தை மட்டும் துடைத்தார்.

எட்டு வருடத்தில் வருடத்துக்கு இரண்டு பேராகப் புது இன்ஜினீயர்கள் வந்தார்கள். நீலக் கோட்டுத் தொப்பி. லிஸ்டில் இருக்கிற கல்லூரிகள். அவர்களில் பலருக்கு டிராயிங்கை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று ஜாடையாகக் காட்டிக்கொடுத்ததே தமிழ்வாணன்தான். அவர்கள் மேல் அவனுக்குக் கோபம் இருந்ததில்லை என்று சொன்னால் நான் அவனை ரொம்ப நல்லவனாக்குகிறேன். இருந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்பான்.

ஆனால் ஷாரோன் என்று ஒரு பெண் வந்தாள், அவள் மேல் கோபப்பட முடியவில்லை. இருபத்துமூன்று வயது, அவள் கல்லூரி லிஸ்டில் முதல் வரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவள். டீ பிரேக் முடிந்து வரும் முதல் நாலைந்து தட்டுகள் தினமும் அளவு தப்பிக் கழிவாகிக்கொண்டிருந்தன. மூன்று மாதமாக ஒருவருக்கும் காரணம் பிடிபடவில்லை. டீ நேரத்தில், இயந்திரத்தைக் குளிர்விக்கிற கூலன்ட் தொட்டியில் புதுத் தண்ணீர் விடுகிறார்கள், இரும்பு குளிர்ந்து சுருங்குகிறது, அதுதான் என்று தமிழ்வாணன் சொன்னான். சொன்னதோடு விட்டிருக்கலாம். எவ்வளவு சுருங்கும் என்று ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் கணக்குப் போட்டும் வைத்துவிட்டான். பழக்கதோஷம். கணக்கும் அளவு பார்க்கிற கேஜ் காட்டியதும் ஒத்துப்போயின. ஷாரோன் அந்த அட்டையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பன்னெண்டாவது மேடம்.”

“எனக்கு மொத்த மார்க்கே பத்துக்கு ஆறு புள்ளி எட்டுதாண்ணா. ரெண்டு அரியர் வேற இருந்துச்சு. காலேஜ் பேரப் பாத்துட்டு எடுத்துட்டாங்க. இத நான் போட்டிருக்கணும், எனக்கு வரல.”

தன்னுடையது ஒன்பது புள்ளி ஒன்று என்பது அவன் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த தட்டை மாட்டினான்.

அவள் நல்லது செய்வதாக நினைத்து, தட்டுக் கோளாறைப் பற்றி எழுதிய அறிக்கையில் அவன் பெயரைப் போட்டாள். அந்த வருடம் நாற்பது பேரை நிரந்தரம் செய்வதாக இருந்தது. அறிக்கையைப் பார்த்த லைன் மேனேஜர் அந்தப் பட்டியலில் அவனைச் சேர்த்தார். முப்பத்தொரு வயதில், ஒப்பந்தம் மாற்றி மாற்றிப் போட்டு வாழ்ந்தவனுக்கு, இனி யாரும் நாளைக்கு வராதே என்று சொல்ல முடியாத ஒரு வேலை. சசிரேகா அன்று சமைத்த பாயசத்தில் முந்திரி எண்ண முடியாத அளவு இருந்தது. விசாரணைக்கு ஆள் வரும், இந்த வாரத்தில் ஏதாவது ஒருநாள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

தமிழ்வாணன் மறுபடியும் தெருவுக்குப் பாடம் நடத்தினான். கடைசியாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அப்பா பக்கத்தில் குந்தினான். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனான்.

“நைனா, கம்பெனிலேந்து ஒரு ஆளு வூட்டுக்கு வருவாரு.”

“இன்னாத்துக்கு?”

“எனுக்குப் பர்மனென்ட் போடப் போறாங்க. அதான் விசாரிக்க. அவரு இன்னா கேட்டாலும்…”

“வரட்டும், நா பேசிக்கிறேன்” என்றார் கன்னியப்பன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் பன்னிரண்டாவது என்று சொல்லிவிடு நைனா என்று எப்படிச் சொல்வது? எழுந்து வந்துவிட்டான். நைனாவப் பேச வுடாத, நீயே முன்னால நில்லு என்று சசிரேகாவிடம் சொன்னான். அவளும் திங்கட்கிழமை முழுக்க வாசலை விட்டு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்த முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடலாம் என்று மாமியாரும் மருமகளும் வல்லக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். கோயிலில் கூட்டம். வரிசை நகரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு நாகப்பன் என்கிற விசாரணை ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

தெரு பாடத்தைச் சரியாக ஒப்பித்தது. மளிகைக்கடை பன்னிரண்டாவது என்றது, எதிர்வீடு பன்னிரண்டாவது என்றது. நாகப்பன் தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்து கன்னியப்பன் வீட்டில் உட்கார்ந்தார். பையன் பிளஸ் டூ தானே பெரியவரே என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

“யாரப் பாத்து சார் பிளஸ் டூன்ற? எம்புள்ள பி.இ. யூனிவர்சிட்டில முப்பத்தொண்ணாவது. குந்து, இதோ காட்றேன்.”

புடவைகளைத் தரையில் இறைத்துவிட்டு, சட்டத்தையும் சான்றிதழ் உறையையும் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார். நாகப்பன் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார். கன்னியப்பன் நன்றாகத் தெரியட்டும் என்று சட்டத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்தி, மாட்டைக் கறந்து, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அர்ச்சனைத் தட்டோடு திரும்பிய சசிரேகா தரையில் கிடந்த புடவைகளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புடவைகளை மடித்து வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை மனிதவளப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் வனமாமலை கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, வரி வரியாகப் படித்தார். ஒன்பது புள்ளி ஒன்று. முப்பத்தொன்றாவது இடம். எட்டு வருடத்தில் அந்தக் கம்பெனியில் ஒருவர் அவன் மதிப்பெண்ணை முழுக்கப் படித்தது அன்றைக்குத்தான்.

“நல்ல ரேங்க்” என்றார். பிறகு பழைய தாளை எடுத்து வைத்தார். வேறெதையும் மறைக்கவில்லை என்ற வரிக்குக் கீழே அவன் கையெழுத்து. “படிச்சதுக்காக இல்ல தமிழ்வாணன். பொய் சொன்னதுக்காக. நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா ரெக்கார்டுல ஒண்ணும் வராது. அவ்வளவுதான் என்னால முடியும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை, பொய் பொய்தான். அந்தப் பொய்யைச் சொல்லாதவனை வாசலிலேயே நிறுத்தியது யார் என்பதற்கு மட்டும் அவர் மேசையில் தாள் இல்லை. ஷாரோன் உள்ளே வந்து அவனுக்காகப் பேசினாள். இப்போது தெரிந்துவிட்டதே, இன்ஜினீயராக எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள். வனமாமலை லிஸ்டைப் பற்றி ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே வெளியே வந்து, லாக்கர் பக்கம் தொப்பியை வைத்துக்கொண்டிருந்தவனிடம் நின்றாள். நான் பேர் எழுதியிருக்கக்கூடாதுண்ணா என்றாள். உங்க மேல தப்பு இல்ல மேடம் என்றான். அவளுக்கு அது போதவில்லை.

அடுத்த ஒரு மாதம் அவன் வேறு கம்பெனிகளுக்கு அலைந்தான். புதிதாகப் பயிற்சிக்கு எடுக்கிறவர்கள் இருபத்தைந்து வயதுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழோ பிளஸ் டூ படித்த ஆபரேட்டருடையது. பட்டச் சான்றிதழோ படித்து முடித்துப் பத்து வருடம் எங்கேயும் வேலை செய்யாத ஒருவனுடையது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லப்போனால் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாவிடம், லைனை மூடிவிட்டார்கள், ஆளைக் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தான். கன்னியப்பன் ஒருநாள் காலையில் அவன் கிளம்பும்போது சட்டத்தைப் பிரித்துச் சான்றிதழை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“அந்த சாரு போட்டோ புடிச்சிகினு போனாரே. அத்தப் பாத்தும் குடுக்கலியா?”

“பாத்தாங்க நைனா. எடம் இல்லியாம்.”

“நீ இஞ்சினீரு இல்லன்னு எனுக்குத் தெரியும்டா. எட்டு வருசமா உன் கையத்தான் பாத்துகினு கீறேன். அந்தக் கறை பேப்பர் புடிக்கிற கைக்கு வராது.” உறையைத் துண்டால் துடைத்தார். “நீ கூச்சப்பட்டுகினு அவங்களாண்ட சொல்லாமக் கீறன்னு நெனச்சேன். அவங்களுக்குத் தெரியல, அதான் குடுக்கல, தெரிஞ்சா வுடுவாங்களான்னு… ஒருத்தரு வர மாட்டாரா, எடுத்துக் காட்ட மாட்டமான்னு காத்துகினே இருந்தேன்.”

தமிழ்வாணன் பையைக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், எட்டு வருடப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பாரம் இறங்கி உட்காரப்போவது அறுபத்துநாலு வயதுக்காரரின் தலையில். வேலையைப் பறித்தது தன் கைதான் என்று தெரிந்தால் இந்த மனிதர் அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாரா?

“நீ காட்னது நல்லதுதான் நைனா” என்றான்.

கன்னியப்பன் தலையாட்டினார். உறையை அவன் பைக்குள் வைத்து ஜிப்பை அவரே இழுத்து மூடினார். “இந்த வாட்டியாவது மொத நாளே காட்டிடு” என்றார்.

ஒரகடம் கூட்டு ரோட்டில், செல்போன் கடைக்கு மாடியில் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. மூட்டை ஏற்ற, தரை துடைக்க, பெட்டி ஒட்ட என்று தினக்கூலிக்குக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர்கள். பிளஸ் டூ என்றாலே யோசிப்பார்கள் என்று வரிசையில் முன்னால் நின்ற ஒருவன் சொன்னான். தமிழ்வாணன் முறை வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிரில் இருந்த ஆள் நிமிர்ந்து பார்க்காமல் பேர், ஊர், வயது எழுதிக்கொண்டார்.

“படிப்பு?”

“பத்தாவது.”

“பாஸா, ஃபெயிலா?”

அவன் மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“எது இருந்தா எடுத்துப்பீங்கண்ணே?” என்று கேட்டான்.